வெட்டாத படம்

கித்துல்கல ஆற்றில் ரப்பர்ப் படகில் இறங்க வருகிறவர்களுக்கு இரண்டு ஆசை உண்டு. ஒன்று, உயிரோடு கரையேற வேண்டும். மற்றது, உயிர் போகப் பார்த்த மாதிரி ஒரு படம் கிடைக்க வேண்டும். முதல் ஆசையைக் கவனித்துக்கொள்ளப் படகின் கடைசியில் ஒரு வழிகாட்டி உட்கார்ந்திருப்பான். இரண்டாவதைக் கவனித்துக்கொள்ள, ஆற்றோரத் தகரக் கொட்டகையில், மின்விசிறிக்கும் கம்பியூட்டருக்கும் நடுவில் சுகந்தினி உட்கார்ந்திருந்தாள்.

வயது இருபத்தாறு. கரவனெல்லயில் ஆறு மாதம் கம்பியூட்டர் படித்துவிட்டு 2005 ஆனி மாதம் இந்த வேலைக்கு வந்தவள். பக்கத்து ரப்பர் தோட்டத்து லயத்து வரிசையில் வீடு. அம்மா விடிய முன்னமே போய் மரத்தில் பால் வெட்டுவாள். மகள் மத்தியானத்துக்கு மேல் படம் வெட்டுவாள். வெட்டுகிற கை பரம்பரைக் கை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

படம் வெட்டுவது என்றால் இதுதான். ஆற்றின் இரண்டாவது வளைவில் ஒரு பாறை இருக்கிறது. அதன்மேல் ரெஜினோல்ட் காமெராவோடு காத்திருப்பான். படகு நுரைக்குள் விழுந்து எழும்புகிற இடம் அது. படகில் இருக்கிறவர்கள் வாயைப் பிளந்து கத்துகிற நேரம் பார்த்து அவன் படபடவென்று எடுத்துத் தள்ளுவான். இரண்டு மணிக்கு அதெல்லாம் சுகந்தினியிடம் வரும். விருந்தாளிகள் சோறும் பருப்பும் சாப்பிட்டு முடிக்கிறதற்குள் நல்ல படங்களைப் பொறுக்கி, ஓரத்தை வெட்டி, சீடியில் ஏற்றிக் கொடுத்துவிட வேண்டும்.

ஓரத்தை வெட்டச் சொன்னது முதலாளி ரஞ்சித் மாத்தயா. படத்தின் இடது ஓரத்தில், படகின் வாலில், எப்போதும் வழிகாட்டி இருப்பான். "வந்தவங்களோட முகம் இருந்தா போதும் நங்கி, நம்ம ஆள் எதுக்கு அவங்க வீட்டு அலுமாரியில?" என்று முதல் நாளே, தங்கச்சி முறை வைத்து, சிங்களத்தில் சொல்லிவிட்டார். இன்னொன்றும் சொன்னார். ஒரே படத்தில் இரண்டு பிரதி வைத்துக் கம்பியூட்டரை நிரப்பக் கூடாது. வெட்டியதை வெட்டினபடியே சேமித்துவிட வேண்டும். சுகந்தினி சொன்ன சொல் தட்டாத பிள்ளை. மூன்று வருஷம் அப்படியே செய்தாள்.

2008 ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, அந்தக் கம்பியூட்டரை முழுசாகத் துடைத்துப்போட கரவனெல்லயிலிருந்து கம்பியூட்டர் கடைக்காரர் முஹ்ஸின் வந்தார். அண்ணன் முறைக்கு எல்லாருக்கும் அவர் முஹ்ஸின் நானா.

அதற்கு முன்னும் இரண்டு தரம் வந்தவர்தான். விருந்தாளிகள் கொண்டுவந்து செருகும் பென் டிரைவில் ஏதாவது ஒரு வைரஸ் வரும், கம்பியூட்டர் ஆமையாகும், அவர் வந்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுப்பார். இந்த முறை விஷயம் பெரிதாகிவிட்டது. இங்கே கொடுத்த சீடியால் தன் லெப்டொப் படுத்துவிட்டது என்று ஒரு டச்சுக்காரர் ஊர் போய்ச் சேர்ந்து நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதியிருந்தார். யுத்தத்தால் ஏற்கெனவே பாதிப் படகு கரையில் கவிழ்ந்து கிடக்கிற காலம். வருகிற நாலு பேரையும் விரட்டுகிறாயா என்று முதலாளி குதித்தார். ஒன்றுமே மிஞ்சக் கூடாது, எல்லாம் போகட்டும் என்று முஹ்ஸினுக்கு உத்தரவு.

"போன ரெண்டு தரமும் சி டிரைவ மட்டும் போர்மட் பண்ணிக் குடுத்தன்," என்றார் முஹ்ஸின், வாயிலிருந்த ஏலக்காயை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு. "கள்ளன் டி டிரைவ்ல ஒளிஞ்சி ஈக்கிறான் தங்கச்சி. நீங்க அதத் திறந்த ஒடனே திரும்பி வாறான். இந்த முற ரெண்டையும் தொடைக்கணும். சும்மா அழிக்கிறது இல்ல. தொடக்கத்தில இருந்து கடைசி வரைக்கும் பூச்சியமா எழுதிக்கிட்டுப் போகும். பொறகு யார் வந்து தோண்டினாலும் ஒண்ணும் வராது."

டி டிரைவ் என்றதும் சுகந்தினி மணியைப் பார்த்தாள், பத்து. படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன.

"எத்தன மணிக்குங்க தொடங்குவீங்க?"

"ஜும்ஆவுக்குப் போகணும். பதினொன்றரைக்கு இதப் போட்டு விட்டுட்டுப் போனா, தொழுதிட்டு வர முடிஞ்சி ஈக்கும். அதுக்கு முந்தி உங்கட கடிதம் கிடிதம் ஏதாச்சும் இருந்தா பாத்துக்கொள்ளுங்க."

கடிதம் எதுவும் இல்லை. அவளுக்கு அதில் வேண்டியது ஒரு முகம் மட்டும்தான்.

அவன் பெயர் யோகராஜ். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்துப் பையன், படகு ஓட்டுகிற வழிகாட்டிகளில் ஒருவன். இரண்டு வருஷத்துக்கு முன், புரட்டாதி மாதத்தில், கட்டாருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான். போகும்போது சுகந்தினியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சொல்ல என்ன உரிமை இருந்தது என்று நீங்கள் கேட்கலாம். அவளும் தன்னைத்தானே அதைத்தான் கேட்டுக்கொண்டாள். அவர்களுக்குள் காதல் கத்தரிக்காய் என்று பெயர் வைக்கிற மாதிரி எதுவும் நடக்கவில்லை. படகை ஏற்றிவிட்டு ஈரம் சொட்டச் சொட்டக் கொட்டகைக்கு வருவான். "இன்னைக்குப் படமெல்லாம் நல்லா வந்திருக்குங்களா?" என்று கேட்பான். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்பாள். சுவரில் ஒட்டியிருந்த படகுச் சைகைப் படத்தைப் பார்க்கிற மாதிரி அவன் கொஞ்ச நேரம் நிற்பான். ஆற்றில் இரைச்சலுக்குள் பேச்சு கேட்காது, அதனால் முன்னால் போகிறவன் பின்னால் வருகிறவனுக்குத் துடுப்பால் காட்டுகிற சைகைகள் அவை. துடுப்பைக் குறுக்கே பிடித்தால் நில் என்று அர்த்தம். நேராக நிமிர்த்திப் பிடித்தால் வழி சரி, வரலாம் என்று அர்த்தம். தினமும் ஆற்றில் அதைச் செய்கிறவனுக்கு அந்தப் படத்தில் பார்க்க என்ன இருக்கிறது? சுகந்தினிக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்துதான் "ம்" என்பாள்.

அவன் போவதற்கு மூன்று கிழமைக்கு முன், பஸ் ஹோல்டில், மற்றப் பெண்கள் நாலு பேர் நிற்கும்போது கேட்டான்.

"சுகந்தினி, நீங்க ஒரு நாளாச்சும் என்னையப் பாத்திருக்கீங்களா?"

பெண்கள் எல்லாரும் அவள் வாயைப் பார்த்தார்கள். வெட்கம் வந்தால் சிலருக்கு முகம் சிவக்கும். சுகந்தினிக்கு நாக்கு நீளும்.

"உங்கள வெட்டித் தள்ளத்தாங்க எனக்குச் சம்பளமே குடுக்கிறாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பஸ் வந்தது. கொட்டிய பாலை அள்ள முடியுமா? பாதி வழியிலேயே தன் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது அவளுக்கு. நாளைக்கு ஒழுங்காக ஒரு வார்த்தை பேசலாம் என்று நினைத்தாள். அந்த நாளை மூன்று கிழமையாகத் தள்ளிப் போனது. அவன் கொட்டகைப் பக்கம் வருவதைக் குறைத்துவிட்டான். அவளுடைய தங்கச்சி ஷாமிளா பெரிய பிள்ளையானதற்குச் சடங்கு வைத்தார்கள். நாலு நாள் லீவில் நின்று திரும்பி வந்தபோது, "யோகராஜ் நேத்துப் போயிட்டான்," என்றார்கள்.

அன்றிலிருந்து அவளுக்குக் கோபம்தான். சொல்லாமல் போய்விட்டான். ஆயிரம் இருக்கட்டும், ஒரு "போய்ட்டு வாறேன்" சொல்லியிருக்கலாம். கோபம் நல்ல துணை. ஏக்கத்தை அது வெளியே தலைகாட்ட விடாது. இரண்டு வரன் வந்தன, இரண்டையும் ஏதோ சொல்லித் தட்டிவிட்டாள். இப்போது கொஞ்ச நாளாக வேறொன்று நடந்தது. அவன் குரல் ஞாபகம் இருந்தது. மணிக்கட்டில் கட்டியிருந்த சிவப்பு நூல் ஞாபகம் இருந்தது. சட்டையைக் கழற்றாமலே கீழ்நுனியை முறுக்கித் தண்ணீர் பிழிகிற விதம் ஞாபகம் இருந்தது. முகம் மட்டும் வர மறுத்தது. கண்ணை நினைத்தால் மூக்கு போய்விடும். எல்லாவற்றையும் சேர்த்து வைத்தால் வேறு யாரோ ஒருவன் வந்து நிற்பான். நாளைக்கே அவன் கித்துல்கல சந்தியில் பஸ்ஸிலிருந்து இறங்கினால் தனக்கு அடையாளம் தெரியுமா என்று அவள் பயந்தாள். அந்தப் பயம் வந்த பிறகுதான், தான் அவனுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறோம் என்பதே அவளுக்கு விளங்கியது.

டி டிரைவில் நாள்வாரியாக மூன்று வருஷத்துப் படங்கள் இருக்கின்றன, என்றைக்காவது உட்கார்ந்து பார்த்தால் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த என்றைக்காவது இப்போது ஒன்றரை மணித்தியாலமாகச் சுருங்கி நின்றது.

முஹ்ஸின் வெளியே சாயத் தேத்தண்ணீர் குடிக்கப் போனார். அவள் 2006 ஐத் திறந்தாள். தை மாதம். யோகராஜ் ஓட்டிய படகு எது என்று அவளுக்குத் தெரியும், நீலப் படகு. முதல் படத்தில் கத்துகிற ஆறு பேர். இடது ஓரத்தில் ஒரு முழங்கை. அடுத்த படத்தில் துடுப்பின் நுனி. அடுத்ததில் ஒரு மஞ்சள் ஹெல்மட்டின் கால்வாசி. மாசி, பங்குனி, சித்திரை என்று தாவித் தாவித் திறந்தாள். ஒரு இடத்தில் மணிக்கட்டும் சிவப்பு நூலும் இருந்தன. அதற்கு மேல் படம் முடிந்திருந்தது.

அவ்வளவு நேர்த்தியாக வெட்டியிருந்தாள். ஒரு படத்திலாவது கை தவறியிருக்கக் கூடாதா? சோம்பேறித்தனமாக ஒரு நாள் விட்டிருக்கக் கூடாதா? வேலையில் சுத்தம் என்று முதலாளியிடம் வாங்கிய பெயரெல்லாம் சேர்ந்து அவளைப் பார்த்துச் சிரித்தது. முஹ்ஸின் துடைக்க வந்ததற்கு இரண்டு வருஷம் முந்தியே, தினமும் மத்தியானம், அவள் அவனைத் துடைத்து முடித்திருந்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்கெல்லாம் அழுவதா என்று துடைத்தாள், திரும்பவும் வந்தது.

"என்னத்தத் தேடுறீங்க தங்கச்சி?" முஹ்ஸின் வாசலில் நின்றார்.

பொய் சொல்ல நேரம் இல்லை. "ஒரு ஆளங்க நானா. படத்தில இருந்தாரு. நாந்தான் வெட்டிட்டேன்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார், திரையில் இருந்த முழங்கையைப் பார்த்தார். மூன்று பெண் பிள்ளைகளின் வாப்பா அவர். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வெட்டிச் சேமிச்சா மூலப் படம் போனதுதான். ஆனா ஒண்டு ஈக்கி. காமெரா ஒரு படம் எடுக்கக்குள்ள அதுக்குள்ளயே ஒரு குட்டிப் படமும் ஒளிச்சி வைக்கும், முத்திர அளவில. சில சொஃப்ட்வெயர் பெரிய படத்த மட்டும்தான் வெட்டும். குட்டிக்குச் செய்தி போகாது."

தன் சீடிகளில் ஒன்றைப் போட்டு எதையோ திறந்தார். திரை முழுக்க நகத்தளவுப் படங்கள் வரிசையாக விழுந்தன. சுகந்தினி முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

முழங்கைக்கு மேல் தோள் இருந்தது. தோளுக்கு மேல் அவன் இருந்தான்.

"இதப் பெருசாக்க ஏலுமாங்க?"

அவர் பெரிதாக்கினார். சதுரம் சதுரமாக உடைந்து ஒன்றும் தெரியாமல் போனது. திரும்பச் சிறிதாக்கினார், அவன் வந்தான். அந்த அளவில்தான் இருப்பேன் என்கிற மாதிரி. ஒரு பச்சரிசி அளவு முகம். இருந்தாலும் முகம். நெற்றி அகலம் என்பதும் ஒரு பக்கமாகச் சிரிப்பான் என்பதும் அவளுக்கு உடனே திரும்பி வந்தன. அட, இவன்தான், இவனேதான் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து ரெஜினோல்ட் உள்ளே வந்தான். அன்றைக்குப் படகு எதுவும் இல்லை. காமெராவைத் துடைக்கத் துணி தேடி வந்தவன், இருவருக்கும் பின்னால் நின்று எட்டிப் பார்த்தான்.

"அட, நம்ம யோகராஜ். பாரு, எல்லாத்துலயும் இந்தப் பக்கமே பாத்துக்கிட்டு இருக்கான். எத்தன தடவ ஏசியிருப்பேன் தெரியுமா? அந்த எடத்துல பாறை இருக்கு, தண்ணியப் பாத்து ஓட்டுடா, என்னைய என்ன பாக்கிறன்னு. கேக்கவே மாட்டான்."

சுகந்தினி அதுவரை முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவள், அது எங்கே பார்க்கிறது என்பதை அப்போதுதான் பார்த்தாள். உண்மைதான். முன்னால் இருக்கிற ஆறு பேரும் நுரையைப் பார்த்துக் கத்துகிறார்கள். படகைப் பத்திரமாகக் கொண்டுபோக வேண்டியவன் ஒருவன் மட்டும் காமெராவை நேராகப் பார்க்கிறான். ஒரு படத்தில் இல்லை, வரிசை வரிசையாக எல்லாவற்றிலும்.

"அவரு முந்தியும் அப்பிடித்தானா?" என்று கேட்டாள்.

முஹ்ஸின் பின்னால் போனார். 2005 வைகாசியில் இருந்த படங்கள் அவள் வருவதற்கு முந்தியவை, அவளுக்கு முன் இருந்தவர் வெட்டியவை. அவற்றின் குட்டிப் படங்களில் யோகராஜ் தண்ணீரைப் பார்த்தான். ஆனியில் அவள் வேலைக்கு வந்து ஒரு கிழமை வரை தண்ணீரைப் பார்த்தான். அதற்குப் பிறகு காமெராவைப் பார்த்தான். காமெராவில் பதிவது இரண்டு மணிக்கு யார் கண்ணில் படும் என்று அவனுக்குத் தெரியும். ஒருநாள் விடாமல், வெயிலிலும் மழையிலும், பாறையில் மோதினால் பல் உடைகிற இடத்தில், அவன் அவளைப் பார்த்திருக்கிறான். அவள் தினமும் அதைத் திறந்து, ஓரத்தை அளந்து, வெட்டியிருக்கிறாள்.

நீங்க ஒரு நாளாச்சும் என்னையப் பாத்திருக்கீங்களா என்று பஸ் ஹோல்டில் கேட்டது இதைத்தான். அவள் சொன்ன பதிலும் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"2006 ஆவணிக்குப் போங்க நானா," என்றாள்.

பஸ் ஹோல்ட் நாளுக்கு அடுத்த நாள் அவன் தண்ணீரைப் பார்த்தான். அதற்கடுத்த நாளும் தண்ணீர். புரட்டாதி பிறந்தும் தண்ணீர்தான். நல்ல வழிகாட்டி எப்படி ஓட்ட வேண்டுமோ அப்படி ஓட்டினான். சுகந்தினி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தனக்குக் கிடைக்க வேண்டிய தண்டனையை எண்ணிப் பார்க்கிறவள் மாதிரி ஒன்றையும் விடவில்லை. முஹ்ஸின் மணியைப் பார்த்தார். பதினொன்று தாண்டி ஐந்து.

"இன்னும் ஒரே ஒரு ஃபோல்டர்தான் ஈக்கி, அவர் படகு வாற. பதினேழாந் தேதி."

"அதுல நான் வெட்டல்ல," என்றாள் சுகந்தினி மெதுவாக. "அன்னைக்கு நான் லீவு. ஷாமிளாட சடங்கு."

"ஆமா, அன்னைக்கு நாந்தான் சீடி அடிச்சேன்," என்றான் ரெஜினோல்ட். "இந்த வெட்டுற வேலையெல்லாம் எனக்குத் தெரியாதே. காமெராவில இருந்த மாதிரியே போட்டுக் குடுத்தேன்."

வேலை முடிந்த ஃபோல்டரை யாரும் திரும்பத் திறக்க மாட்டார்கள். அவளும் திறந்ததில்லை. முஹ்ஸின் திறந்தார். வெட்டுப்படாத பெரிய படம் திரையை நிறைத்தது.

முன்னால் நாலு விருந்தாளிகள் கத்திக்கொண்டிருந்தார்கள். படகின் வாலில் யோகராஜ் எழும்பி முழங்காலில் நின்றான். ஹெல்மட்டைக் கழற்றி இடது கையில் பிடித்திருந்தான். அந்த இடத்தில் ஹெல்மட்டைக் கழற்றினால் வேலை போகும். முகம் தெரியட்டும் என்று கழற்றியிருக்கிறான். தலைமயிர் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. காமெராவையே பார்த்தான், சிரிக்கவில்லை. வலது கையில் துடுப்பு இருந்தது. அதை நேராக, வானத்தைப் பார்த்து நிமிர்த்திப் பிடித்திருந்தான்.

சுகந்தினி சுவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. வழி சரி. வரலாம்.

"அன்னைக்கு நல்லா ஏசிட்டேன்," ரெஜினோல்ட் சொல்லிக்கொண்டே போனான். "பின்னால வேற போட்டும் இல்ல, யாருக்குடா சைகை காட்டுறன்னு. வேலைய விட்டுப் போற திமிருன்னு நெனச்சேன். பின்னேரம் அவனே வந்து கேட்டான், அண்ணே, படமெல்லாம் பாத்து முடிஞ்சுதான்னு. ஆமாடா, பாத்து முடிச்சு சீடியும் குடுத்தாச்சுன்னு சொன்னேன்."

"நான் லீவுன்னு சொல்லலியாண்ணே?"

"அவன் ஒன்னையக் கேக்கலியேம்மா. படத்தத்தானே கேட்டான்." ரெஜினோல்ட் அவளைப் பார்த்தான். கொஞ்சம் கொஞ்சமாக அவனுக்கும் விளங்கிக்கொண்டு வந்தது. கடைசியில் சொன்னதை அவன் தயங்கித்தான் சொன்னான். "நான் வீட்டுக்குப் போறப்ப பஸ் ஹோல்ட்ல நின்னான். ஒன்னோட பஸ் போன பொறகும் நின்னான். யாருக்குடா நிக்கிறன்னேன். சும்மா நிக்கிறேண்ணேன்னான்."

அவன் சொல்லாமல் போகவில்லை. தன்னால் முடிந்த விதத்தில், தெளிவாக, ஹெல்மட்டைக் கழற்றிவிட்டுச் சொல்லியிருக்கிறான். அவள் பார்த்தாள் என்று நம்பியிருக்கிறான். பார்த்தும் வரவில்லை என்று எடுத்துக்கொண்டு கட்டாருக்குப் போயிருக்கிறான். இரண்டு வருஷமாக அவள் அவன்மேல் வளர்த்த கோபம் முழுக்க அவன் அவள்மேல் வைத்திருக்க வேண்டியது. அது தெரியாமல், தினமும் அந்தப் படம் இருக்கிற பெட்டிக்கு முன்னாலேயே உட்கார்ந்து வேலை செய்திருக்கிறாள்.

"நானா, இந்த ஒரு படம்," என்றாள்.

"முதலாளி ஒண்டுமே மிஞ்சக் கூடாதுன்னாரு." முஹ்ஸின் தாடியைத் தடவினார். பிறகு தன் சொஃப்ட்வெயரால் அந்தப் படத்தை ஒரு தரத்துக்கு இரண்டு தரம் சோதித்தார், புதுச் சீடி ஒன்றைப் பிரித்தார், அதை மட்டும் ஏற்றினார். "இதில நோய் ஒண்டும் இல்ல தங்கச்சி. கொண்டுபோங்க."

"அந்தக் குட்டிப் படங்க?"

"அதெல்லாத்தையும் ஒவ்வொண்டாப் பாத்து எடுக்க எனக்கு நேரம் இல்லயே."

நேரம் பதினொன்று இருபத்தைந்து. அவர் கம்பியூட்டரை அணைத்து வேறொரு சீடியால் கிளப்பினார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு கேள்வி வந்தது. எல்லாம் அழியும், சம்மதமா என்று கேட்டது. அவர் விரலை நீட்டினார்.

"நான் அமுக்குறேங்க," என்றாள் சுகந்தினி.

வெட்டினவள் அவள். மிச்சத்தையும் அவளே செய்வதுதான் முறை என்று பட்டது. அமுக்கினாள். முஹ்ஸின் தொப்பியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார்.

நூற்றுக்கு ஒன்று. நூற்றுக்கு இரண்டு. அவள் கதிரையை விட்டு எழும்பாமல் பார்த்தாள். எந்த இடத்தில் எந்த மாதம் போகிறது என்று தெரியவில்லை. இப்போது தை போகும், இப்போது மழைக்காலம் போகும் என்று தானே நினைத்துக்கொண்டாள். நூற்றுக்கணக்கான சின்ன யோகராஜ்கள், ஒவ்வொருவனும் அவளையே பார்த்தபடி, ஒருவன் பின் ஒருவனாகப் பூச்சியமானார்கள். இந்தத் தரம் அவள் யாரையும் பார்க்காமல் விடவில்லை. அவன் மேல் அவளுக்கு எவ்வளவு ஆசை என்று அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் தெரிந்த மாதிரி அதற்கு முன் ஒருநாளும் தெரிந்ததில்லை. அவன் முறுக்கிப் பிழிகிற அந்த ஈரச் சட்டையை வாங்கிக் கொடியில் காயப்போட வேண்டும் போல இருந்தது. அவ்வளவுதான் அவள் ஆசை, ஆனால் அது கட்டார் தூரத்தில் இருந்தது.

முஹ்ஸின் தொழுதுவிட்டு வந்து விண்டோஸைப் போட்டார். நாலு மணிக்குக் கம்பியூட்டர் பிறந்த மேனியாக நின்றது. டி டிரைவைத் திறந்தால் வெறும் வெள்ளை.

மறுநாள் சனிக்கிழமை, வேலைக்குப் போகும் முன் சுகந்தினி தொங்குபாலத்தைக் கடந்து அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனாள். யோகராஜின் அம்மா ஜெயம்மா லயத்து வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். இன்னார் மகள், படகு ஆபீசில் வேலை செய்கிறவள் என்று சொன்னதும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அவருக்கு ஒண்ணு அனுப்பணும். அட்ரஸ் வேணுங்கம்மா."

ஜெயம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு நைந்த கடித உறையைக் கொண்டுவந்தாள். "போன மாசியில வந்ததும்மா. கேம்ப் மாத்திட்டாங்கன்னு யாரோ சொன்னாங்க. இப்ப இதுலதான் இருக்கானோ என்னவோ தெரியல. போன்ல பேசினாலும் ரெண்டு வார்த்தைதான், அதுக்குள்ள கட்டாயிரும்."

முகவரியைக் கையில் எழுதிக்கொண்டு சுகந்தினி ஆற்றோரம் வந்தாள். ரெஜினோல்ட் பாறையில் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, என்னைய ஒரு படம் எடுங்க."

மூன்று வருஷத்தில் அவள் அப்படிக் கேட்டதில்லை. அவன் காமெராவைத் தூக்கினான். கரையில் கவிழ்ந்து கிடந்த நீலப் படகிலிருந்து அவள் ஒரு துடுப்பை எடுத்தாள். நினைத்ததைவிடப் பாரம். படகின் வால் பக்கம் போய் நின்று, இரண்டு கையாலும் அதைப் பிடித்து, நேராக நிமிர்த்தினாள். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் காமெராவையே பார்த்தாள். ரெஜினோல்ட் ஒன்று எடுத்தான். பத்தாது என்று இன்னும் இரண்டு எடுத்தான்.

துடைத்த கம்பியூட்டரில் ஏறிய முதல் படம் அதுதான். அவள் நின்றது இடது ஓரத்தில். மற்றப் பக்கம் முழுக்க வெறும் ஆறும் பாறையும். பழக்க தோஷத்தில் கை தானாகவே அளக்கப் போயிற்று. இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை முஹ்ஸினின் கடையில் அதைப் படமாக அடித்து வாங்கினாள். தபால் கந்தோர் வாசலில் நின்று, படத்தைத் திருப்பி, பின்பக்கம் என்ன எழுதுவது என்று யோசித்தாள். மன்னிப்பு என்று தொடங்கலாமா, எப்படிச் சுகம் என்று தொடங்கலாமா? பழைய கேம்ப், பழைய முகவரி, போய்ச் சேருமோ சேராதோ. சேர்ந்தாலும் அவன் மனசு இரண்டு வருஷத்துக்கு முந்தின இடத்தில்தான் இருக்குமா என்று யாருக்குத் தெரியும்? பின்னால் வரிசையில் நின்றவர் கனைத்தார். அவள் பேனையைத் திறந்து ஒரே ஒரு வரி எழுதி, உறைக்குள் போட்டு ஒட்டினாள்.

"அன்னைக்கு நான் லீவு."